முந்நூறு பிரதிகளிலும் ஒரு பெயர்

சின்னமனூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்கள் நாலைந்து இருக்கின்றன. ஆனால் சொந்தபந்தம் பெருத்த குடும்பங்கள், அதிலும் தங்களுக்குள் முகம் கொடுத்துப் பேசாத நாலு பேரையாவது வைத்திருக்கும் குடும்பங்கள், தேடி வருவது சுருளிவேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அச்சகத்தைத்தான். மனிதர் இருபத்தெட்டு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். ஒரு சித்தப்பாவைத் தவறிப்போய்க்கூடப் பெரியப்பாவுக்கு மேலே போட்டதில்லை. பட்டியலோடு வருகிறவர்களை உட்கார வைத்து வக்கீல் மாதிரி விசாரிப்பார்.

"தாய்மாமன் எத்தன பேரு? மூத்தவரு யாரு? பேச்சுவார்த்தை இல்லாதவுக யாராச்சும் இருக்காகளா? அவுக பேருதான் மொதல்ல வரணும். பேசுறவுக விட்டுப்போனாக்கூடப் பொறுத்துக்கிருவாக."

இப்படிப்பட்டவர் கையில் ஒரே ஒரு பத்திரிகையில் ஒரே ஒரு பெயர் விட்டுப்போனது. அது அவர் பெற்ற மகளின் கல்யாணப் பத்திரிகை. விட்டுப்போனது தங்கை புருஷன் சங்கிலியின் பெயர்.

ஆறு வருடம் ஆகிறது. "அத்தை, மாமா" என்ற வரியில் தங்கை மகாலட்சுமியின் பெயர் மட்டும் தனியாக நின்றது. பத்திரிகை பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஒரு பெண்ணின் பெயர் அந்த இடத்தில் ஒற்றையாக நின்றால் அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். சங்கிலியோ மார்க்கையன்கோட்டையில் பெரியாற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி நெல் நட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். போடியிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒருத்தி போன் போட்டு, "எப்ப ஆச்சு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அழுதிருக்கிறாள். போனை எடுத்தது சங்கிலி.

மகாலட்சுமி அன்றைக்கே பஸ் ஏறி வந்து அண்ணன் முன்னால் நின்றாள். பழைய ஃபைல் பிரிண்டுக்குப் போய்விட்டது, கம்ப்யூட்டரில் சில நேரம் அப்படி ஆகும் என்று சுருளிவேல் சொன்னார். ஊரில் எல்லோரும் நம்பினார்கள். கம்ப்யூட்டர் என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

"சரி, மிசினு மறந்திருச்சு. பாதிப் பத்திரிகை இன்னும் இங்கனதான கெடக்கு. மிச்சத்துல பேனாவால எழுதிரலாம்ல?" என்று மகாலட்சுமி கேட்டாள்.

"கையால எழுதுனா பாக்க அசிங்கமா இருக்கும் ஆத்தா" என்றார் சுருளிவேல்.

அவள் மேற்கொண்டு பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்தாள். அத்தை முறைக்குச் செய்ய வேண்டிய சீரை மேடையில் கொண்டுபோய் வைத்தாள். பந்திப் பக்கம் திரும்பாமல், ஒரு வாய் சாப்பிடாமல், கை நனைக்காமல் போய்விட்டாள். கை நனைக்காமல் போவது என்றால் இந்தப் பக்கத்தில் உறவு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதுதான். சின்னமனூருக்கும் மார்க்கையன்கோட்டைக்கும் டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கால் மணி நேரத்தை ஆறு வருடமாக இந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் கடக்கவில்லை, அந்தப் பக்கத்திலிருந்தும் கடக்கவில்லை.

இனி கம்ப்யூட்டருக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது ஒரு பாவமும் அறியாதது.

நடந்தது இதுதான். நிச்சயதார்த்த விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், பெண்ணின் அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார். சங்கிலிக்குக் கூட்டத்தைக் கண்டால் வாய் நிற்காது. "எங்க மச்சானா? ஊரான் பேரையெல்லாம் அச்சுல ஏத்துறதுதான் அவருக்கு வேலை. அவரு பேரை ஏத்துறதுக்கு மட்டும் இந்த ஜென்மத்துல ஒரு வழியும் இல்ல" என்றார். பந்தியே சிரித்தது. சம்பந்தி சிரித்த சிரிப்பில் அவருக்குப் பாயசம் புரையேறிவிட்டது. சுருளிவேலும் சிரித்தார். அதற்கு அடுத்த வாரம் பத்திரிகையைக் கம்போஸ் செய்யும்போது, மவுஸை இழுத்து அந்தப் பெயரை நீலமாக்கி, ஒரு விரலால் தட்டினார். அது காணாமல் போனது. அந்த இரண்டு நொடி அவருக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்பதைப் பெண்டாட்டியிடம்கூட அவர் சொன்னதில்லை.

மனிதர்கள் எழுத்தாளர் ஆவதற்கு என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். சுருளிவேல் எழுத வந்ததற்குக் காரணம் சங்கிலி சொன்ன அந்த ஒரு வாக்கியம். பெயரை அழித்த பிறகும் வாக்கியம் அழியவில்லை. தன் பெயர் அச்சில் ஏறுவதற்கு என்ன வழி என்று ஐந்து வருடம் யோசித்தவர், கம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுகதைப் பயிற்சி நடக்கிறது என்று ஒரு நோட்டீஸ் கம்போஸுக்கு வந்தபோது, அதை அடித்து முடித்த கையோடு அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தார்.

பயிற்சி நடத்திய இவாஞ்சலின் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். முப்பத்தொரு வயது. சுருளிவேலின் மகளைவிட மூன்றோ நாலோ வயதுதான் மூத்தவள். ஜவுளிக்கடை மாடியில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். முதல் வாரமே சுருளிவேல் ஒரு கதையோடு போனார். வாய்க்காலில் ஒருவன் விழுந்து செத்துப்போகிற கதை. இவாஞ்சலின் முதல் பக்கத்தைப் படித்தாள், இரண்டாம் பக்கத்தைப் படித்தாள், பிறகு முதல் பக்கத்துக்கே திரும்பினாள்.

"அண்ணே, இதுல செத்தது யாரு?"

"அவரு நாலாவது பக்கத்துல வர்றாருமா."

"அப்ப இந்த மூணு பக்கத்துல இருக்கவுக?"

"சொந்தக்காரவுக."

நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். தகப்பன் வழி, தாய் வழி, பெண் கொடுத்த வழி என்று முறை பிசகாமல், வயது வரிசைப்படி, படிப்பும் உத்தியோகமும் சேர்த்து நின்றார்கள். "பெரியப்பா திரு. ராஜபாண்டி, ஓய்வு பெற்ற நடத்துநர், வாய்க்கால் கரையில் நின்று திகைத்தார்" என்று ஒரு வாக்கியம். திகைப்பதைத் தவிர அவருக்குக் கதையில் வேறு ஜோலி இல்லை.

"இது பந்தியில்லண்ணே, வந்தவுக எல்லாருக்கும் எலை போடுறதுக்கு. இவுகள்ல யாரு இல்லாட்டியும் கதை நடக்குமோ, அவுகளை எடுத்திருங்க" என்றாள் இவாஞ்சலின்.

சொல்வது எளிது. இருபத்தெட்டு வருடம் பெயரைச் சேர்த்தே பழகிய கை அது. ஆனாலும் சுருளிவேல் கறாரான மாணவர். ஒரு வாரத்துக்கு இத்தனை பேர் என்று எடுக்க ஆரம்பித்தார். பெரியப்பா ராஜபாண்டி நிஜமாகவே இருக்கிற ஆள். கதையிலிருந்து அவரை எடுத்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். சுருளிவேலுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வலியக் கூட்டிப்போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று புரியாமலே பெரியப்பா இரண்டாவது வடையும் சாப்பிட்டார்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. எழுதுவதற்கென்று தனி நேரமெல்லாம் அவருக்குக் கிடையாது. முகூர்த்த மாதங்களில் தலை நிமிர முடியாது. மாதம் ஒருநாள் கரண்ட்டை நிறுத்துவார்கள், அன்றைக்கு எழுதுவார். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அந்த இரண்டு மாதமும் எழுதுவார். தாளுக்குப் பஞ்சமில்லை. வாடிக்கையாளர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிய புரூஃப் தாள்களின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது. மணமகன், மணமகள் பெயரெல்லாம் முன்பக்கத்திலிருந்து இடவலம் மாறித் தெரிய, பின்பக்கத்தில் அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்தார்கள். நாற்பத்தாறு பேர் இருபதானார்கள், இருபது ஒன்பதானது. கதை ஒன்றும் பிரமாதமாகிவிடவில்லை. ஆனால் செத்தவன் இரண்டாம் பக்கத்துக்கே வந்து சேர்ந்தான்.

போன ஆடிக்கு முன்னால் இவாஞ்சலின் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தாள். கதையில் இரண்டே பேர்தான் இருக்கலாம். அவர்களுக்கும் பெயர் வைக்கக் கூடாது.

சுருளிவேல் ஆடி முதல் வாரம் முழுக்க வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது யார் என்று பார்த்தால், அண்ணன் ஒருவனும் தங்கை ஒருத்தியும்தான் மிஞ்சினார்கள். வேறு யாரும் நிற்கவில்லை. எட்டாம் நாள் பேனாவை எடுத்தவர் மூன்று நாளில் எழுதி முடித்தார். அச்சகத்தில் வேலை பார்க்கிற ஒருவன், ஒரு பெயரை வேண்டுமென்றே அழிக்கிறான். பழியை மிசின் மேல் போடுகிறான். தங்கை வந்து கேட்கும்போது, கையால் எழுதினால் அசிங்கமாக இருக்கும் என்கிறான். பந்தி நடக்கிறது. அவள் தனியாகப் பஸ்ஸுக்கு நிற்பதை அவன் மண்டப வாசலிலிருந்து பார்க்கிறான், கூப்பிடவில்லை. அவ்வளவுதான் கதை, நாலரைப் பக்கம். எழுதும்போது ஒரு இடத்தில் அவர் அழுதார். அழுததில் முன்பக்கத்து மணமகனின் பட்டப்படிப்பு கலைந்து போனது.

இவாஞ்சலின் படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தாள்.

"இதுதாண்ணே கதை. கற்பனை ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் எனக்குச் சந்தேகம். இப்படி ஒரு ஆளு நெசத்துல இருப்பாரா?"

"இருப்பாம்மா" என்றார் சுருளிவேல்.

பன்னிரண்டு பேரின் கதைகளையும் சேர்த்து ஒரு தொகுப்புப் போடுவது என்று முடிவானது. முந்நூறு பிரதி. ஆடி மாதம் அச்சகம் சும்மா கிடந்ததால் வேலை சுருளிவேலிடமே வந்தது. தலைப்புக்குக் கீழே தன் பெயரை அடித்தார். முதலில் எல்லோருக்கும் போட்ட அளவிலேயே போட்டார். பிறகு ஒரு அளவு கூட்டினார். பிறகு யாருக்கும் தெரியாது என்று இன்னொரு அளவும் கூட்டினார். புத்தகம் பைண்டிங் முடிந்து வந்தபோது முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார்.

பெண்டாட்டி உமாதேவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து படித்தாள். புருஷன் எழுதியதை அவள் படிப்பது அதுதான் முதல் தடவை. முடித்துவிட்டு மூடிவைத்தாள்.

"அப்ப மிசின் இல்லையா?"

சுருளிவேல் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருசம். ஆறு வருசமா உங்களுக்காக ஊரெல்லாம் அந்த மிசினு மேல பழி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். எங்க அம்மாகிட்டச் சத்தியமே பண்ணியிருக்கேன்."

"கதைதான உமா."

"கதைன்னா எனக்கு எதுக்குக் குடுத்தீக? உங்க தங்கச்சிக்குல்ல குடுக்கணும்?"

உமாதேவி எழுந்து போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் துடைத்தாள். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமம் எல்லாம் வைத்து, நடுவில் புத்தகத்தை வைத்தாள். தபாலில் அனுப்பிவிடலாமா என்று அவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் கூப்பிட்டதாக ஆகாது, நேரில் போய் வைக்க வேண்டும் என்று இருபத்தெட்டு வருடமாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வருபவரே அவர்தான் என்பதை அவள் நினைவூட்டினாள்.

மறுநாள் காலை தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். இறங்கி நடக்கையில் நாலு பேர் நிறுத்தி, யாருக்குக் கல்யாணம், மண்டபம் எங்கே என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் கை நீட்டிப் பத்திரிகையை எடுக்கவே வந்துவிட்டாள். விசேஷம் ஒன்றுமில்லை, கதை என்று சொன்னார். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

மகாலட்சுமி வாசலில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. அண்ணனைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தாம்பாளத்தை நீட்டினால் வாங்காமல் இருக்கக் கூடாது என்பதால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். புத்தகத்தில் வெற்றிலைக் காம்பு செருகிவைத்த பக்கத்தைப் பிரித்து, நின்றபடியே படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, ஆனால் மெதுவாகப் படித்தாள். சுருளிவேல் வெயிலில் நின்றார். அவர் எழுதிய நாலரைப் பக்கம் இவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

படித்து முடித்து நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. சுருளிவேல் மன்னிப்புக்கோ வசவுக்கோ தயாராக நின்றார்.

"இதுலயும் அவுக பேரு இல்ல" என்றாள் மகாலட்சுமி.

ஆறு வருடத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"இது கதை ஆத்தா. கதையில யாருக்குமே பேரு கெடையாது. உம்பேரு இருக்கா? எம்பேருகூட இல்ல பாரு."

மகாலட்சுமி பக்கத்தைத் திருப்பி, தலைப்புக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள்.

"உம்பேரைத்தான் மேல கொட்ட எழுத்துல போட்டிருக்க."

சுருளிவேலுக்கு வெயில் உச்சந்தலையில் சுரீரென்று ஏறியது. இரண்டு அளவு கூட்டிப் போட்டது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது போல அவர் அந்தப் பக்கத்தையே பார்த்தார். தெரியாமல் என்ன, தங்கைதானே.

அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து சங்கிலி வந்தார். முழங்கால் வரை சேறு. மச்சானைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார்.

"என்னவாம்? தட்டோட வந்திருக்காக?"

"அண்ணன் புஸ்தகம் போட்டிருக்கு" என்றாள் மகாலட்சுமி.

"பேரு வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"பேஷ். மச்சான் பேரு அச்சுல வந்துருச்சா. எனக்கு அப்பவே தெரியும், இவருகிட்ட என்னமோ இருக்குன்னு." சங்கிலி உள்ளபடியே சந்தோஷப்பட்டார். நிச்சயதார்த்தப் பந்தியில் தான் சொன்னது அவருக்கு ஒரு எழுத்துகூட ஞாபகமில்லை. கால் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தைத் தான் ஆறு வருடம் தூக்கிச் சுமந்தது இந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தபோது சுருளிவேலுக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது. அண்ணன் கிளம்புகிற வரைக்கும் மகாலட்சுமி காபி என்றோ தண்ணீர் என்றோ கேட்கவில்லை. தட்டைக் காலியாக்கித் திருப்பிக் கொடுத்தாள். புத்தகத்தை மட்டும் எடுக்காமல் தட்டிலேயே விட்டிருந்தாள்.

அவர் நேராக அச்சகத்துக்கு வந்து இவாஞ்சலினுக்குப் போன் செய்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சும்மா. எல்லாப் பிரதியிலயும் சேக்கணும்."

"பைண்டிங் முடிஞ்சிருச்சேண்ணே. என்ன வரி?"

சொன்னார்.

"பேரு வைக்கக் கூடாதுங்கறதுதான அந்தக் கதையோட உயிரு. அதுவும் மாமா, விவசாயின்னு பத்திரிகை மாதிரி. கதை கெட்டுப்போயிரும்ண்ணே."

"ஆமாம்மா, கெட்டுப்போயிரும்" என்று சுருளிவேல் ஒத்துக்கொண்டார். அவள் சொல்வது சரி என்று அவருக்குத் தெரியும். ஒரு வருடம் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. தெரிந்துதான் நீலப் பேனாவை எடுத்தார்.

"அவன் அந்தப் பெயரை அழித்தான்" என்று கதையில் ஒரு வாக்கியம் வருகிறது. அதன் பக்கத்து ஓரத்தில், அம்புக்குறி போட்டு, "மாமா: திரு. மு. சங்கிலி, விவசாயி, மார்க்கையன்கோட்டை" என்று எழுதினார். ஒரு பிரதி முடிந்தது. மை காய ஊதிவிட்டு அடுத்த பிரதியை எடுத்தார். பின்னால் வெளியீட்டு விழாவில் மதுரையிலிருந்து வந்த ஒரு பேச்சாளர், அச்சுக்கு நடுவே கையெழுத்தை ஊடுருவ விட்ட இந்தத் துணிச்சலான உத்தியைப் பத்து நிமிடம் பாராட்டினார். இவாஞ்சலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா ராஜபாண்டி புத்தகம் முழுக்கத் தேடிவிட்டு, சங்கிலிக்கு இடம் இருக்கிறது, தனக்கு இல்லையா என்று மேடைக்கே வந்து கேட்டார். அதெல்லாம் பிறகு நடந்தது.

இரண்டாம் நாள் நூற்றுச் சொச்சம் பிரதி முடிந்து கை கடுத்துக்கொண்டிருந்தபோது அச்சகத்துக்குள் யாரோ வந்தார்கள். வாடிக்கையாளர் என்று நினைத்து நிமிராமலே, "உக்காருங்க, ஆடியில யாருக்கு விசேசம்" என்றார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். மகாலட்சுமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி போன் போட்டுச் சொன்னாக" என்றாள். எழுதி அடுக்கியிருந்ததில் மேலிருந்த பிரதியை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். அண்ணன் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நூற்றுச் சொச்சத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"இதுல இனிசியலை விட்டுட்ட."

வாங்கி எழுதிக் கொடுத்தார்.

"இதுல மை இழுவியிருக்கு. பாக்க அசிங்கமா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். சுருளிவேல் தலை குனிந்துகொண்டார்.

மணி ஒன்றாயிற்று. உமாதேவி கொடுத்துவிட்ட கேரியர் மேஜை ஓரத்தில் இருந்தது. வழக்கத்தைவிட ஒரு அடுக்குக் கூடுதலாக இருப்பதைச் சுருளிவேல் காலையிலேயே கவனித்திருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று நாலு பிரதி எழுதும் வரை யோசித்தார்.

"சாப்பிடுறியா ஆத்தா?"

"மொதல்ல எழுதி முடி."

முந்நூறாவது பிரதி முடியும்போது மணி நாலே முக்கால். மகாலட்சுமி அதையும் வாங்கிப் பார்த்தாள். பெயரை ஒருமுறை வாய்விட்டு, மெதுவாகப் படித்தாள். புத்தகத்தை அடுக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கேரியரைத் திறந்து, ஆறிப்போன சோற்றில் குழம்பை ஊற்றி, கை வைத்துப் பிசைந்தாள்.

"அண்ணி இன்னமும் உப்பைக் கம்மியாத்தான் போடுறாக" என்றாள்.

சுருளிவேல் ஏற்கெனவே நேராக இருந்த புத்தக அடுக்கை மறுபடியும் நேராக்கிக்கொண்டிருந்தார்.